ஞானப்பிரகாசம் என்ற ஒரு நாள் ஆட்டக்காரர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பதிவேடு மிகப் பெரியது. ‘மேஜர் லீக்’ எனப்படும் உயர்மட்டப் போட்டியில் ஒரே ஒரு நாள் களமிறங்கியவருக்குக்கூட அதில் ஒரு வரி உண்டு. அப்படிப்பட்ட ஒரு வரியை இன்று உங்களோடு சேர்ந்து வாசிக்க விரும்புகிறேன். டிராவர்ஸ், பந்து வீச்சாளர், டெட்ராய்ட் டைகர்ஸ் அணி, 1912-ஆம் ஆண்டு. ஆடிய ஆட்டம் 1. வெற்றி 0. தோல்வி 1. எதிரணிக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் 24. இவ்வளவுதான். இதற்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை.

இந்த மனிதரின் முழுப்பெயர் அலோசியஸ் ஜோசப் டிராவர்ஸ். அலோசியஸ் என்றால் நமக்குப் புனித ஞானப்பிரகாசியார். ஜோசப் என்றால் சூசையப்பர். நம் ஊரில் பிறந்திருந்தால் ஞானப்பிரகாசம் சூசை என்று கூப்பிட்டிருப்போம். அவர் பிறந்தது பிலடெல்பியா நகரில், 1892 மே 7 அன்று. அந்த நகரிலிருந்த இயேசு சபையாரின் புனித வளனார் கல்லூரியில் படித்தவர். கல்லூரி பேஸ்பால் அணியில் அவருக்கு ஒரு பொறுப்பு இருந்தது, ஆட்டக்காரராக அல்ல. அணியின் உதவி நிர்வாகி. மட்டைகளையும் பந்துகளையும் பார்த்துக்கொள்வது, ஆட்டங்களுக்கு ஏற்பாடு செய்வது, இப்படிப்பட்ட வேலைகள். ஆடும் அணியில் இடம் பெறும் அளவுக்குத் திறமை இல்லை. எந்தப் போட்டியிலும் பந்து வீசியவரும் இல்லை. அப்படிப்பட்டவர் எப்படி அந்தப் பதிவேட்டுக்குள் வந்தார்? அதற்குக் காரணம் அவர் அல்ல. வேறொருவருடைய கோபம்.

1912 மே மாதம். டைட்டானிக் கப்பல் மூழ்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைய பேஸ்பால் உலகில் மிகப் பெரிய பெயர் டை காப். டெட்ராய்ட் அணியின் நட்சத்திரம். ஆட்டத்தில் மேதை, கோபத்திலும் அப்படித்தான். மே 15 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில், பார்வையாளர் பகுதியிலிருந்து ஒருவர் அவரை மிகவும் இழிவாகத் திட்டிக்கொண்டே இருந்தார். காப் ஒரு கட்டத்தில் தடுப்பைத் தாண்டி மேலே ஏறிப்போய் அந்த மனிதரை அடித்து உதைத்தார். அடி வாங்கியவர் யார் தெரியுமா? அச்சு இயந்திரத்தில் சிக்கி ஒரு கையையும், மறு கையில் மூன்று விரல்களையும் இழந்திருந்த தொழிலாளி. ‘அவருக்குக் கை இல்லை’ என்று பக்கத்தில் இருந்தவர்கள் கத்தியும் காப் நிறுத்தவில்லை என்று அன்றைய செய்திகள் கூறின.

லீக் தலைவர் பான் ஜான்சன், காப் மறு அறிவிப்பு வரும்வரை ஆடக்கூடாது என்று தடை போட்டார். அதற்கு டெட்ராய்ட் அணியின் மற்ற ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? காப்பைத் திரும்ப எடுக்காவிட்டால் நாங்களும் ஆட மாட்டோம் என்றார்கள். மேஜர் லீக் வரலாற்றில் முதல் வேலைநிறுத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இத்தனைக்கும் காப்பை அந்த அணியில் பலருக்குப் பிடிக்காது.

அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். விசாரணை இல்லாமல் தண்டனை கொடுத்தது தவறுதான். பார்வையாளர்கள் என்ன வேண்டுமானாலும் பேசலாம், ஆட்டக்காரன் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று முதலாளிகள் நினைத்ததும் தவறுதான். தொழிலாளர் ஒன்றுசேரும் உரிமையைத் திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-லேயே தம் சுற்றுமடலில் ஏற்றுப் பேசியிருக்கிறார். ஆனால் அந்த மூன்று நாள் பேச்சுவார்த்தையில் ஒரு பக்கம் லீக், ஒரு பக்கம் முதலாளி, ஒரு பக்கம் ஆட்டக்காரர்கள் என்று எல்லாருடைய உரிமையும் பேசப்பட்டது. அடி வாங்கிய அந்தக் கையில்லாத மனிதரைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. வலியவர்கள் சண்டை போடும் இடத்தில் இது வழக்கமாக நடப்பதுதான்.

சரி, நம் ஞானப்பிரகாசத்திடம் வருவோம். மே 18 சனிக்கிழமை டெட்ராய்ட் அணி பிலடெல்பியாவில் ஆட வேண்டும். அந்த ஆண்டு விண்ணேற்றப் பெருவிழா மே 16-ல் வந்தது. ஆகவே விண்ணேற்றத்துக்கும் தூய ஆவி பெருவிழாவுக்கும் இடையிலான நாள் அது. அணி களமிறங்காவிட்டால் ஓர் ஆட்டத்துக்கு 5,000 டாலர் அபராதம் என்று லீக் சொல்லிவிட்டது. உரிமையாளர் பிராங்க் நேவின் பயந்துபோய், எப்படியாவது ஒன்பது பேரைப் பிடித்து நிறுத்துங்கள் என்று மேலாளர் ஹியூ ஜென்னிங்ஸிடம் சொன்னார். வெளியூரில், ஒரே நாளில், ஒன்பது ஆட்டக்காரர்களுக்கு எங்கே போவது? உள்ளூர் பத்திரிகை ஒன்றின் விளையாட்டுச் செய்தியாளர் மூலமாகச் சேதி டிராவர்ஸிடம் வந்தது. கல்லூரி அணியின் உதவி நிர்வாகி அல்லவா? ஆள் சேர்ப்பது அவருக்குத் தெரிந்த வேலை. தெருமுனையில் நின்றுகொண்டிருந்த தெரிந்த பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை உங்களுக்கு ஞாபகம் வரலாம். எனக்கும் வந்தது. ஆனால் அந்த உவமையில் தோட்டக்காரர் நல்லவர். இங்கே அழைத்தவர் அபராதத்துக்குப் பயந்த ஒரு முதலாளி. வேலைநிறுத்தம் செய்பவர்களின் இடத்தில் கூலிக்கு ஆள் நிறுத்துவதுதான் இது. ஒரு குருவானவரின் வாழ்க்கையைச் சொல்லும்போது இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றும்; தாண்டக்கூடாது. அவருக்கு அப்போது இருபது வயது முடிந்து பதினோரு நாள். ஆளுக்குக் கொஞ்சம் பணம், ஒரு பெரிய அணியின் சீருடை, ஒரு வேடிக்கை. அவ்வளவுதான் அந்தப் பையன்கள் நினைத்திருப்பார்கள். பந்து வீசுபவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுப்பதாகச் சொன்னதால் டிராவர்ஸ் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். இதையும் நான் மறைக்கவில்லை.

ஆட்டம் தொடங்கும் நேரத்தில் உண்மையான டெட்ராய்ட் அணி சீருடையோடு மைதானத்துக்கு வந்தது. காப் வெளியேற வேண்டும் என்று நடுவர்கள் சொன்னார்கள். அவர் போனார், பின்னாலேயே எல்லாரும் போனார்கள். அவர்கள் கழற்றிய சீருடைகளை இந்தப் பையன்கள் மாட்டிக்கொண்டார்கள். எதிரே நின்ற பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் சாதாரண அணி அல்ல. 1910, 1911 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் உலகத் தொடரை வென்றவர்கள். அதன் மேலாளர் கானி மேக். அவரும் ஜென்னிங்ஸும் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர்கள் என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன். அன்று அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் விளையவில்லை.

பேஸ்பால் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. கிரிக்கெட் போலவே இதிலும் ஒருவர் வீசுவார், ஒருவர் மட்டையால் அடிப்பார். ஆனால் பந்து தரையில் குத்தாது; பதினெட்டு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்திலிருந்து நேராக வரும். அடித்தவர் சதுரமாக அமைந்த நான்கு தளங்களைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தைத் தொட்டால் ஓர் ஓட்டம். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணியின் முறை. இப்படி ஒன்பது சுற்று. கிரிக்கெட் மாதிரி நூறு, இருநூறு என்று ஓட்டங்கள் வராது. ஓர் அணி ஐந்தோ ஆறோ எடுத்தாலே நல்ல ஆட்டம்.

அன்று அத்லெட்டிக்ஸ் எடுத்தது 24. டெட்ராய்ட் எடுத்தது 2.

அந்த இரண்டையும் எடுத்தவர்கள் பையன்கள் அல்ல. ஆள் போதாமல் ஜென்னிங்ஸ் தன் உதவியாளர்களான இரண்டு முன்னாள் ஆட்டக்காரர்களையும் களத்தில் இறக்கியிருந்தார். டீக்கன் மெக்வயர், வயது 48. ஜோ சக்டன், வயது 41. ஓட்டம் ஆளுக்கு ஒன்று.

வேகமாக வீசாதே, மெதுவாகவே வீசு என்று ஜென்னிங்ஸ் டிராவர்ஸிடம் சொல்லியிருந்தார். வேகமாக வீசினால் அதைவிட வேகமாகப் பந்து திரும்பி வந்து பையனின் உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்ற பயம். டிராவர்ஸ் அப்படியே வீசினார். பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தபடி, ஆரம்பத்தில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அத்லெட்டிக்ஸ் ஆட்டக்காரர்கள் எளிதான உயரப் பந்துகளைத்தான் அடித்தார்கள். பிடிக்கத்தான் ஆளில்லை. பிறகு அவர்கள் மட்டையை வீசாமல், பந்தை மெல்லத் தொட்டு மூன்றாம் தளத்துப் பக்கமாக உருட்டிவிடத் தொடங்கினார்கள். ‘பன்ட்’ என்று இதற்குப் பெயர். பழகிய ஆட்டக்காரர் ஓடிவந்து அள்ளி எறிய வேண்டிய பந்து அது. தெருமுனையிலிருந்து வந்த பையனுக்கு அது எப்படி வரும்? உலகச் சாம்பியன்கள் கூலிக்கு நின்ற பிள்ளைகளிடம் இந்த வித்தையைக் காட்டியிருக்க வேண்டியதில்லை. விதியில் இடமுண்டு, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் எனக்கு அது பிடிக்கவில்லை.

26 முறை அவர் பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார்கள். எல்லைக்கு வெளியே வீசி ஏழு பேரை அவர் சும்மா அனுப்பினார். ஒரே ஒருவரை மட்டும் அடிக்க விடாமல் நேரடியாக அவுட் ஆக்கினார். அமெரிக்கன் லீக்கில் ஓர் ஆட்டத்தில் ஒரே வீச்சாளர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களில் அதிகமானது இன்றும் அந்த 24-தான். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் யாரும் அந்தச் சாதனையை அவரிடமிருந்து பறிக்கவில்லை!

நேயர்களே, பேஸ்பால் கணக்கு எழுதும் முறையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எதிரணி எடுத்த ஓட்டங்களை இரண்டாகப் பிரிப்பார்கள். வீச்சாளரின் வீச்சால் போன ஓட்டங்கள் தனி. மற்றவர்கள் பந்தைத் தவறவிட்டதால் போன ஓட்டங்கள் தனி. அவை வீச்சாளரின் கணக்கில் ஏறாது. டிராவர்ஸ் கணக்கில் ஏறியவை 14. மற்ற பத்தும் பக்கத்தில் நின்றவர்களின் பிழை. ஒன்பது சுற்றுக்கு இத்தனை என்று சராசரி போட்டால் அவருக்கு 15.75 வருகிறது. நல்ல வீச்சாளருக்கு இது மூன்றுக்குக் கீழே இருக்கும். ஆனாலும் யாரும் 14 என்று சொல்வதில்லை. 24 என்றுதான் சொல்கிறார்கள். பதிவேடு நியாயமாகப் பிரித்து வைத்தாலும், வாய்க்கு வருவது பெரிய எண்தான். நம் வீடுகளில் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதும் இதேதான் நடக்கிறது. அவன் தவறவிட்டது எது, அவனைச் சுற்றி நின்ற நாம் தவறவிட்டது எது என்று பிரித்து எழுதும் பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எட்டுச் சுற்று வீசினார் டிராவர்ஸ். உள்ளூர் அணி முன்னணியில் இருந்ததால் ஒன்பதாவது முறை அவர்கள் அடிக்க வர வேண்டியிருக்கவில்லை. எட்டுச் சுற்று என்றால், சுற்றுக்கு மூன்று வீதம், 24 அவுட். எத்தனை ஓட்டங்கள் கொடுத்தாரோ அத்தனை அவுட்களும் அவர் வீச்சில் விழுந்திருக்கின்றன. மெதுவாக வீசி, அடி வாங்கி, திரும்பவும் மேட்டில் ஏறி நின்று, அடுத்ததை வீசி. மாற்றி நிறுத்த வேறு ஆள் இல்லை. போதும் என்று இறங்கிப் போயிருக்கலாம். முதலாளியின் 5,000 டாலரைக் காப்பாற்ற வேண்டிய கடமை அவருக்கில்லை. போகவில்லை. கடைசி அவுட் வரை நின்றார்.

மறுநாள் ஞாயிறு, அந்நாளில் பிலடெல்பியாவில் ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் கிடையாது. அதற்குள் காப் தாமே தன் தோழர்களிடம் ஆடப் போகும்படி கேட்டுக்கொண்டார். அவர்களும் இறங்கி வந்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்தது. அடித்த காப்புக்கு 50 டாலர் அபராதம், பத்து நாள் தடை. அவருக்காக நின்ற தோழர்களுக்கு ஆளுக்கு 100 டாலர். தெருமுனைப் பையன்கள் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்தப் பையன்களோடு அன்று மூன்றாம் தளத்தில் நின்றவர்களில் பில்லி மகார்க் என்ற குத்துச்சண்டைக்காரர் ஒருவரும் இருந்தார். ஏழு ஆண்டு கழித்து, 1919 உலகத் தொடரில் பணம் வாங்கிக்கொண்டு சிகாகோ அணியினர் தோற்ற பெரிய ஊழலில் அவர் பெயர் அடிபட்டது. 1920 செப்டம்பரில் பிலடெல்பியா பத்திரிகை ஒன்றில் அதை வெளிப்படையாகச் சொன்னவரும் அவரேதான். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசலாம், இன்று நேரமில்லை.

டிராவர்ஸ் கல்லூரிப் படிப்பை முடித்தார். இயேசு சபையில் சேர்ந்தார். மைதானத்தில் பட்ட அவமானம்தான் அவரைத் துறவுக்கு அனுப்பியது என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. இயேசு சபையாரிடம் படித்த ஒரு மாணவர் அவர்களோடு சேர ஆசைப்பட்டார், அவ்வளவே. அந்தச் சபையில் குருத்துவம் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடாது என்பது உங்களுக்குத் தெரியும். நவதுறவு, மெய்யியல், நடுவில் பள்ளியில் கற்பிக்கும் காலம், பிறகு இறையியல். 1926-ல்தான் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கும் முதல் திருப்பலிக்கும் இடையே 14 ஆண்டுகள். மேஜர் லீக்கில் ஆடியவர்களில் கத்தோலிக்கக் குருவானவர் இவர் ஒருவர்தான் என்று பேஸ்பால் வரலாற்றை எழுதுபவர்கள் சொல்கிறார்கள்.

குருவான பிறகு அவர் செய்த வேலை ஆசிரியர் வேலை. நியூயார்க்கில் புனித சவேரியார் பெயரிலுள்ள இயேசு சபைப் பள்ளியில் கற்பித்தார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி, தாம் படித்த கல்லூரியிலும், அதே வளனார் பெயரைத் தாங்கிய பள்ளியிலும் பணியாற்றினார். பள்ளியில் அவருடைய பாடங்கள் ஸ்பானிய மொழியும் மறைக்கல்வியும்.

மொழி கற்பிப்பவர்கள் யாராவது இந்நேரம் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த வேலை என்னவென்று அவர்களுக்குத் தெரியும். புதுமொழியை வாயில் வைக்கும் பிள்ளை முதல் ஆண்டு முழுவதும் பிழையாகத்தான் பேசும். பிழை செய்யாமல் அந்த வகுப்பில் உட்காரவே முடியாது. ஆசிரியர் அதைக் கேட்க வேண்டும், திருத்த வேண்டும், மறுநாள் அதே பிழையைத் திரும்பக் கேட்க வேண்டும். வினைச்சொல் திரிபுகளை ஆண்டுதோறும் புதிய பிள்ளைகளுக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்குப் பார்வையாளர் கூட்டம் கிடையாது. பத்திரிகைச் செய்தி கிடையாது. ஒரு பிள்ளை ஓர் ஆண்டில் எத்தனை பிழைகளிலிருந்து மீண்டது என்று யாரும் சராசரி போட்டு வைப்பதில்லை. ஒரு பிற்பகல் இரண்டு மணி நேரத்துக்கு உலகம் வைத்திருக்கும் கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்கிறது. நாற்பது ஆண்டுக் குருத்துவத்துக்கு அப்படி ஒரு வரி எங்கேயும் இல்லை. எத்தனை பாவசங்கீர்த்தனம் கேட்டார், எத்தனை பிள்ளைகளின் வீட்டுத் துயரம் அவர் காதுக்கு வந்தது, எதுவும் பதிவேட்டில் ஏறவில்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றி அவராக அதிகம் பேசமாட்டார். விடாமல் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லும் சில நினைவுகள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. மெதுவாக வீசியது, பிடிக்க ஆளில்லாதது, பன்ட் அடித்தது. அந்த நினைவுகளில் காப்மீது கசப்பு இல்லை. தவறவிட்ட பையன்கள்மீதும் கோபம் இல்லை. கொஞ்சம் வேடிக்கைதான் இருக்கிறது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். தன்னைப் பற்றி உலகம் வைத்திருக்கும் மிக மோசமான எண்ணை எடுத்து, நாலு பேர் சிரிக்கும்படி சொல்ல முடிந்த மனிதர், பரீட்சையில் தோற்ற ஒரு பையன் தன் அறைக்கு வந்து நின்றால் அவனிடம் எப்படிப் பேசியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். நம் பள்ளிகளில், நம் மறைக்கல்வி வகுப்புகளில், அப்படி ஒருவர் இருந்தால் நல்லது. எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியவர்களை மட்டுமே பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டிருக்கிறோம்.

டை காப் பின்னர் 1936-ல், பேஸ்பாலின் புகழ்மாடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஐவரில் ஒருவரானார். அந்த ஆண்டு வாக்குகள் அதிகம் பெற்றவரும் அவர்தான். அருள்பணியாளர் டிராவர்ஸ் 1968 ஏப்ரல் 19 அன்று, தாம் பிறந்த பிலடெல்பியாவிலேயே, 75 வயதில் இறைவனடி சேர்ந்தார். அது பாஸ்கா எண்கிழமையின் வெள்ளி. அந்த ஆண்டின் பேஸ்பால் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.